மியூவான் கணக்கில் கொடிமலை

பட்டர்வொர்த்தில் ஐந்தாம் படிவம் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஐயா, வேகமாகப் போகும் கடிகாரம் மெதுவாக ஓடும் என்கிறீர்கள். அந்தக் கடிகாரத்தோடு போகிறவருக்கு நாம்தானே ஓடுகிறோம்? அப்படியென்றால் நம் கடிகாரம்தானே மெதுவாக வேண்டும்? யார் சொல்வது சரி?”

இருவர் சொல்வதும் சரி. எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான நுண்துகளான மியூவானையே சாட்சிக்கு அழைக்கலாம்.

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதி, ஏறக்குறைய 15 கிலோமீட்டர் உயரத்தில் மியூவான்கள் பிறக்கின்றன. சராசரி ஆயுள் 2.2 மைக்ரோவிநாடி (மைக்ரோவிநாடி என்பது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). ஒளிவேகத்தில் பறந்தாலும் அதற்குள் 660 மீட்டர்தான் போகலாம். நம் பினாங்குக் கொடிமலையின் 833 மீட்டரை இறங்கக்கூடப் போதாது. ஆனாலும் நீட்டிய உள்ளங்கை வழியே விநாடிக்கு ஏறக்குறைய ஒன்று போய்க்கொண்டே இருக்கிறது. வேகம் கூடிய மியூவான்கள் தாமதமாகச் சிதைவதை 1941-இல் இயற்பியலாளர்கள் ரோசியும் ஹாலும் கொலராடோ மலைப்பகுதியில் அளந்தே காட்டிவிட்டார்கள்.

ஒளிவேகத்தில் 99.5 விழுக்காட்டில் வரும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடிகாரம் எத்தனை மடங்கு மெதுவாகும் என்று சொல்லும் ஐன்ஸ்டைனின் காரணி இந்த வேகத்துக்கு ஏறக்குறைய பத்து. நம் கணக்கில் அது தரைக்கு வர 50.3 மைக்ரோவிநாடி ஆகிறது. அதன் கடிகாரத்தில் 5 மட்டுமே கழிகிறது; 2.2 என்பது சராசரிதான் என்பதால், அதுவரை சிதையாமல் சில தப்பி வந்துவிடும். மியூவான் கணக்கில் அது அசையவே இல்லை, பூமிதான் அதை நோக்கி ஏறி வருகிறது. ஓடும் திசையில் நீளம் பத்தில் ஒன்றாகும் என்பதால், 15 கிலோமீட்டர் காற்று அதற்கு 1.5 கிலோமீட்டர். கொடிமலை 83 மீட்டர் மேடு. அகலம் மட்டும் குறையாது, தட்டி வைத்த அடை மாதிரி.

இப்போது மாணவியின் முடிச்சு. மியூவான் பிறக்கும் உயரத்தில் ஒரு கடிகாரம், நேர் கீழே கர்னி டிரைவ் கடலோரத்தில் ஒன்று. இரண்டும் ஒத்துப்போகும்படி நாம் வைத்திருக்கிறோம். மியூவான் பிறக்கையில் மேலே 0 என்றால் கீழேயும் 0 என்போம். மியூவான் இதை ஒப்புக்கொள்ளாது. அது பிறந்த அதே கணத்தில், அதன் கணக்குப்படி, கீழ்க் கடிகாரம் ஏற்கெனவே 49.8 காட்டுகிறது! தள்ளித் தள்ளி நடக்கும் இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே நேரத்தில் நடந்தனவா என்பதே அளப்பவரின் ஓட்டத்தைப் பொறுத்தது. பிறகு மியூவானுக்கு 5 மைக்ரோவிநாடி கழிகிறது; நம் கடிகாரம் பத்து மடங்கு மெதுவாக ஓடுவதால் 0.5 மட்டும் நகர்கிறது. 49.8-உடன் 0.5 கூட்டினால் 50.3. மியூவான் கடலோரத்தைத் தொடும்போது அங்குள்ள முள் காட்டுவதும் அதே 50.3. இந்தக் கூட்டல் முதன்முதலில் கைகூடிய இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இதைத் தாளோடு விட்டுவிடக் கூடாது. கண்ணாடித் தொட்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், உலர்பனிக்கட்டி, டார்ச்லைட், கையுறை போட்ட ஓர் ஆசிரியர்: துகள்கள் போன தடத்தைக் கண்ணுக்குக் காட்டும் மேக அறை ஒன்று தமிழ்ப்பள்ளி அறிவியல் அறையிலேயே தயார். பரிசுக் கோப்பைக்குப் போகும் பணத்தில் ஒரு பங்கை இதற்குக் கொடுங்கள் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். அறையை இருட்டாக்கிக் கொஞ்சம் காத்திருந்தால், தொட்டியின் அடியில் வெள்ளை நூல் போல ஒரு நேர்கோடு தோன்றி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலையும்.