மாத்திரை இல்லாத ஏழு நாட்கள்

"அம்மாவுக்கு 21 நாள் மாத்திரை, அப்புறம் ஏழு நாள் கிடையாது. அந்த ஏழு நாளும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அந்த இடைவெளியில் நோய் வளர்ந்துவிடாதா?" என்று கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்குச் சில வருடங்களுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை நடந்தது. போன வருடம் முதுகுவலி என்று டாக்டரிடம் போனபோது, முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் பரவியிருப்பது தெரிந்தது. இப்போது தினமும் லெட்ரோசோல், கூடவே பால்போசிக்ளிப்.

இன்னொரு சந்தேகமும் கேட்டிருக்கிறார். ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டன. டாக்டரோ பார்த்துவிட்டு "பரவாயில்லை, தொடருங்கள்" என்கிறார். கீமோ எடுத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு இதே அளவு இறங்கியபோது ஊசி போட்டு, அடுத்த கீமோவையும் தள்ளிவைத்தார்களாம். "எங்கள் டாக்டர் அசட்டையாக இருக்கிறாரோ?"

அசட்டை இல்லை. இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. பால்போசிக்ளிப் எந்தச் செல்லையும் கொல்வதற்காகச் செய்த மருந்து அல்ல. பிரியப்போகும் செல்லை, பிரியவிடாமல் நிறுத்திவைக்கும் மருந்து.

முதலில் லெட்ரோசோலை முடித்துவிடுவோம். மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை, சினைப்பைகளில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை நம்பி வளர்பவை. 1896-லேயே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்சன் என்ற அறுவை மருத்துவர், முற்றிய மார்பகப் புற்றுநோய் இருந்த பெண்ணின் சினைப்பைகளை அகற்றி, கட்டி சுருங்குவதைக் காட்டிவிட்டார். ஈஸ்ட்ரோஜன் என்ற பொருளை அப்போது யாரும் பிரித்தெடுத்திருக்கவில்லை. மாதவிடாய் நின்ற பிறகும் கொழுப்பு, தசை போன்ற இடங்களில் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் உருவாகிக்கொண்டே இருக்கும். அதை உருவாக்கும் நொதியைத் தடுப்பதுதான் லெட்ரோசோல். காலையில் எழுந்ததும் விரல் மூட்டும் முழங்காலும் இறுகிப்போய் வலிப்பதாகப் பலர் சொல்வது இந்த மாத்திரையால்தான். மாதவிடாய் இன்னும் நிற்காதவர்களுக்கு, சினைப்பையை அடக்கிவைக்கத் தனியாக ஊசி போடுவார்கள், அல்லது சினைப்பையை எடுத்துவிடுவார்கள்.

இனி பால்போசிக்ளிப். கொஞ்சம் நிதானமாகப் போகலாம், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன் தன் டிஎன்ஏ முழுவதையும் பிரதி எடுத்தாக வேண்டும். அது பெரிய வேலை. தொடங்கிவிட்டால் முடித்தே தீர வேண்டும், பாதியில் விட்டால் செல்லுக்கு ஆபத்து. அதனால் தொடங்குவதற்கு முன்பே செல் ஓரிடத்தில் நின்று, போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கிறது. சென்ட்ரலுக்குள் நுழையும் முன் ரயில் அவுட்டரில் நிற்குமே, அப்படி. சிக்னல் விழுந்தால்தான் உள்ளே போக முடியும்.

அந்த சிக்னலைச் சிவப்பிலேயே வைத்திருப்பது ஆர்பி என்ற புரதம். டிஎன்ஏ பிரதி எடுக்கத் தேவையான மரபணுக்களை இயக்கிவிட இ2எஃப் என்று ஒரு புரதம் உண்டு. ஆர்பி அதை இறுகப் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்கும். குழந்தைகளின் விழித்திரையில் வரும் ஒரு புற்றுநோயை ஆராய்ந்தபோதுதான் இந்த ஆர்பி கண்டுபிடிக்கப்பட்டது. அந்தக் குழந்தைகளின் கட்டியில் ஆர்பி மரபணுவின் இரண்டு பிரதிகளுமே கெட்டுப்போயிருந்தன, அதாவது சிக்னலே இல்லாத பாதை.

ஒழுங்காக இருக்கும் செல்லில் சிவப்பு எப்படிப் பச்சையாகிறது? ஈஸ்ட்ரோஜன் வந்து, செல்லுக்குள் தன்னைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி என்ற புரதத்தில் அமர்கிறது. அந்த ஏற்பி டிஎன்ஏவில் போய் உட்கார்ந்து, சைக்ளின் டி என்ற புரதத்தை உற்பத்தி செய்யச் சொல்கிறது. சைக்ளின் டி போய் சிடிகே 4, சிடிகே 6 என்ற இரண்டு நொதிகளில் ஒன்றோடு சேர்கிறது. தனியாக இருக்கும்வரை இந்த நொதிகளுக்கு வேலை ஓடாது, சைக்ளின் வந்து ஒட்டிய பிறகுதான் விழித்துக்கொள்ளும். விழித்ததும் ஆர்பியின் மீது பாஸ்பேட்டுகளை ஒட்டத் தொடங்கும். பாஸ்பேட் ஏற ஏற ஆர்பியின் உருவம் மாறி, பிடி தளர்ந்து, இ2எஃப் நழுவிவிடுகிறது. அவ்வளவுதான், இனி செல்லுக்குத் திரும்பிப் போகும் வழி இல்லை.

பால்போசிக்ளிப் போய் உட்காருவது அந்த சிடிகே 4, 6 நொதிகளின் பள்ளத்தில். பாஸ்பேட்டைக் கொண்டுவரும் ஏடிபி மூலக்கூறு அமர வேண்டிய இடம் அது. அந்த இடம் போய்விட்டதால் பாஸ்பேட் ஒட்டும் வேலை நின்றுவிடுகிறது, ஆர்பி பிடியை விடுவதில்லை. ஒரு பக்கம் லெட்ரோசோல் ஈஸ்ட்ரோஜனைக் குறைத்து, சைக்ளின் டி வரவை வறளச் செய்கிறது. மறுபக்கம் இது, வந்த கொஞ்சத்தையும் பயன்படாமல் செய்கிறது. ஒரே சங்கிலியை இரண்டு இடத்தில் அறுப்பதால்தான் இரண்டும் சேரும்போது இவ்வளவு பலன்.

சரி, இதில் வெள்ளணு எங்கே வந்தது?

எலும்பு மஜ்ஜை நம் உடலின் ஓயாத தொழிற்கூடம். கிருமிகளை முதலில் போய்த் தாக்கும் நியூட்ரோபில் என்ற வெள்ளணுவை மட்டும் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கோடி அளவில் உற்பத்தி செய்கிறது. ரத்தத்துக்கு வந்த நியூட்ரோபில் அதிக நேரம் தங்காது, ஒரு நாள் நீடித்தாலே பெரிது. ஆகவே உற்பத்தி கொஞ்சம் தளர்ந்தாலும் ரிப்போர்ட்டில் உடனே தெரிந்துவிடும். இந்த மஜ்ஜைச் செல்கள் பிரிவதற்குப் பெரிதும் நம்பியிருப்பது சிடிகே 6-ஐ. பால்போசிக்ளிப்புக்கு மஜ்ஜை எது, கட்டி எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டு இடத்திலும் சிக்னல் சிவப்பாகிறது.

கீமோ செய்வது வேறு. பல கீமோ மருந்துகள் பிரிந்துகொண்டிருக்கும் செல்லின் டிஎன்ஏவையோ, பிரிவதற்கான கட்டமைப்பையோ உடைத்துவிடுகின்றன. ரயில் தடம்புரண்டு கவிழ்ந்த கதை. மஜ்ஜையில் இளம் செல்கள் செத்துப்போவதால், அடியிலிருந்து மறுபடி ஆள் சேர்த்து வரிசையை நிரப்ப வேண்டும். அந்த நாட்களில் ஒரு கிருமி உள்ளே வந்தால் அனுப்ப ஆள் இருக்காது. அதனால்தான் பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஊசி. பால்போசிக்ளிப்பில் மஜ்ஜைச் செல்கள் சாகாமல் அப்படியே வரிசையில் நிற்கின்றன. மருந்தை நிறுத்தினால் சில நாட்களில் கிளம்பிவிடும். ரிப்போர்ட்டில் எண் ஒன்றாக இருக்கலாம், அதன் பின்னால் நடந்தது வேறு.

இதற்குப் பெரிய ஆய்வின் சாட்சியும் இருக்கிறது. 666 பெண்கள் பங்கேற்று 2016-ல் வெளியான பலோமா-2 ஆய்வில், பால்போசிக்ளிப் எடுத்தவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு நியூட்ரோபில் மிகவும் கீழே இறங்கியது. ஆனால் அதோடு சேர்ந்து காய்ச்சலும் வந்தவர்கள் 2 சதவீதம்கூட இல்லை. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் உங்கள் டாக்டரின் "பரவாயில்லை".

இப்போது முதல் கேள்வி. அந்த ஏழு நாள் மஜ்ஜைக்காக விடப்பட்டது. கட்டிக்கும் அது ஓய்வுதானே என்றால், முழுக்க இல்லை. கடைசி மாத்திரை போட்ட பிறகு ரத்தத்தில் மருந்தின் அளவு பாதியாகவே ஏறத்தாழ 29 மணி நேரம் ஆகும், அதாவது சில நாட்களுக்கு மிச்சம் இருந்துகொண்டே இருக்கும். லெட்ரோசோலுக்கு இடைவெளியே கிடையாது, 28 நாளும் உண்டு. ஆகவே பச்சை விழுந்தாலும் கட்டிச் செல்லுக்கு உந்துதல் குறைவு. மஜ்ஜைக்கு அப்படி இல்லை, ஈஸ்ட்ரோஜன் குறைந்ததால் அதன் உற்பத்தி நின்றுவிடாது. கட்டிச் செல்களில் சில அந்த வாரத்தில் நகரவே நகராது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். இது ஒரு பேரம். ஏழு நாளை விட்டுக்கொடுத்து, பல வருடம் மருந்தைத் தாங்கும் மஜ்ஜையை வாங்கிக்கொள்கிறோம். மேலே சொன்ன ஆய்வின் முடிவுகள் எல்லாம் இந்த 21-7 கணக்கில் வந்தவைதான்.

வீட்டில் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளணு எண்ணிக்கையும் நியூட்ரோபில் சதவீதமும் தனித்தனியாக இருக்கும். இரண்டையும் பெருக்கினால் டாக்டர் பார்க்கும் எண் கிடைக்கும். 2,800-ல் 45 சதவீதம் என்றால் 1,260. பொதுவாக 1,000-க்கு மேல் இருந்தால் அடுத்த சுற்றைத் தொடங்குவார்கள். குறைந்தால் சில நாள் தள்ளிப்போடுவார்கள், அல்லது 125 மில்லிகிராமை 100 ஆக்குவார்கள். டோஸைக் குறைத்துவிட்டார்களே என்று பயப்பட வேண்டாம், திட்டத்திலேயே இருக்கும் படி அது. ஆனால் உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலைவரை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அரிதாக வரும் 2 சதவீதம் என்றேனே, அது இதுதான்.

அதே ரிப்போர்ட்டில் எம்சிவி என்று ஒரு வரி இருக்கும், சிவப்பணுவின் சராசரிப் பருமன். மாதங்கள் போகப் போக அது ஏறும், சில லேப்களில் தடித்த எழுத்தில் வரும். உடனே பி12 குறைவு என்று பயப்படுவார்கள். பி12-ஐப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் பல நேரம் அது சிவப்பணுக்களின் உற்பத்தியிலும் மருந்து கைவைத்ததன் அடையாளம்தான்.

கல்யாணம், கோவில் என்று கூட்டமான இடத்துக்குப் போகலாமா என்று பலர் கேட்பார்கள். போகலாம். நாள் நம் கையில் இருந்தால், எண்ணிக்கை தாழ்ந்திருக்கும் மூன்றாவது வாரக் கடைசியைத் தவிர்த்து, மாத்திரை இல்லாத வாரத்தின் பின்பாதியை எடுத்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டில் தடை ஒன்றே ஒன்று, அதை யாரும் நம்ப மாட்டார்கள்: பம்பளிமாஸ். இந்த மருந்தை உடைக்கும் நொதி குடலிலும் கல்லீரலிலும் இருக்கிறது. கிரேப்ஃப்ரூட், பம்பளிமாஸ் பழங்களில் உள்ள சில பொருட்கள் அந்த நொதியை முடக்கிவிடும், ரத்தத்தில் மருந்து ஏறிவிடும். கருப்பு திராட்சைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தாராளமாகச் சாப்பிடலாம்.

ஆனால் வாட்ஸ்அப்பில் வருவது வேறு ஒரு பழம். முள் சீத்தா கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு சக்தி வாய்ந்தது என்று வருடக்கணக்காக ஒரு செய்தி சுற்றுகிறது. தட்டில் வளர்த்த செல்களின் மீது சாறு ஊற்றிப் பார்த்த சோதனையை, மனிதரைக் குணப்படுத்தியதாகத் திரித்த கதை அது. அதன் இலைக் கஷாயத்தை அனுப்புகிற உறவினர்கள் அன்பில்தான் அனுப்புகிறார்கள், எனக்குக் கோபம் அந்தச் செய்தியை எழுதியவர் மேல். எந்தக் கஷாயம், எந்தச் சூரணம் எடுத்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவார் என்று மறைத்தால், கல்லீரல் ரிப்போர்ட் கெடும்போது எந்த மருந்தால் என்று அவரால் கண்டுபிடிக்க முடியாது.

எவ்வளவு காலம்? பலோமா-2 ஆய்வில் லெட்ரோசோல் மட்டும் எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு 14.5 மாதத்துக்குள் நோய் முன்னேறியது. பால்போசிக்ளிப் சேர்ந்தபோது அந்தப் பாதிக் கணக்கு 24.8 மாதமாக நீண்டது. மீதிப் பாதி அதற்கும் மேல். மொத்த ஆயுட்காலத்தில் மட்டும் அந்த ஆய்வு தெளிவான வித்தியாசத்தைக் காட்டவில்லை. இதே குடும்பத்து ரைபோசிக்ளிப் இன்னொரு ஆய்வில் காட்டியது. நாளடைவில் சில செல்கள் ஆர்பியையே இழந்துவிடும், அல்லது சைக்ளின் இ, சிடிகே 2 என்று மாற்றுப் பாதை பிடிக்கும், அல்லது ஈஸ்ட்ரோஜன் இல்லாமலே ஏற்பி வேலை செய்யும்படி மாறிக்கொள்ளும். அப்போது ஏற்பியையே அழிக்கும் ஃபுல்வெஸ்ட்ரன்ட் ஊசி போல அடுத்தவை இருக்கின்றன. சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் எடுப்பது இதைக் கண்காணிக்கத்தான். ரிசல்ட் வரும்வரை வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளாத அந்த இரண்டு மூன்று நாளுக்கு மருந்து இன்னும் வரவில்லை.

இந்த சைக்ளின் எங்கே கிடைத்தது தெரியுமா? 1982-ல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடற்கரை ஆய்வகத்தில், கடல் முள்ளெலியின் முட்டைகளில். ஒவ்வொரு முறை முட்டை பிரியும்போதும் ஒரு புரதம் ஏறி ஏறி மறைவதை டிம் ஹன்ட் பார்த்தார். லேலண்ட் ஹார்ட்வெலும் பால் நர்ஸும் ஈஸ்ட்டுகளில் இதே பிரிதலைக் குடைந்துகொண்டிருந்தார்கள். மூவருக்கும் 2001-ல் நோபல். கடல் முள்ளெலி முட்டைக்கு எதற்கு மக்கள் வரிப்பணம் என்று நம் ஊர் நிதிக்குழு ஒன்று கேட்டிருந்தால், கும்பகோணத்து அம்மாவுக்கு இன்று லெட்ரோசோல் மட்டும்தான். "உடனடிப் பயன் என்ன?" என்று ஆராய்ச்சி விண்ணப்பத்தில் ஒரு கட்டம் வைக்கிறார்களே, அதை எடுத்துவிட வேண்டும் என்பது என் பிடிவாதம்.

கண்டுபிடித்தால் மட்டும் போதாது, கைக்கு எட்ட வேண்டும். 2022-ல் கேரள உயர் நீதிமன்றத்தில், மாதம் 58,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து ரைபோசிக்ளிப் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண், மற்ற கம்பெனிகளும் அதைத் தயாரிக்க அனுமதி வேண்டும் என்று வழக்குப் போட்டார். தீர்ப்பு வரும் முன்பே இறந்துபோனார். நீதிமன்றம் வழக்கைத் தானே எடுத்து நடத்தியது. பால்போசிக்ளிப்பின் காப்புரிமை 2023 ஜனவரியில் இந்தியாவில் முடிந்தது. உடனே பல இந்தியக் கம்பெனிகள் இறங்க, விலை பல மடங்கு சரிந்தது. இன்னமும் பழைய விலையில் வாங்குகிறவர்கள் டாக்டரிடம் ஜெனரிக் பற்றிக் கேட்கலாம். மாற்றும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்த மருந்து கேப்சூலாகவும் வருகிறது, மாத்திரையாகவும் வருகிறது. கேப்சூல் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், அதனால் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். கேஸுக்கு, அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் கேப்சூலைப் போட்டால் மருந்து சரியாக உடலில் சேராது. மாத்திரையாக இருந்தால் சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம். எப்படியானாலும் ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது.