படிப்பைப் பாதியில் விட்டு என்.பி.ஏ.வுக்கு: முப்பதுக்கும் முப்பத்தொன்றுக்கும் இடையில்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் பையன் இருபது பாயின்ட் எடுக்க ஆரம்பித்துவிட்டால் போதும், பிப்ரவரியிலேயே வீட்டில் பேச்சு கிளம்பிவிடும்: இந்த வருடமே என்.பி.ஏ. டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்துவிடலாமா? என்.பி.ஏ. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக், டிராஃப்ட் என்பது அதன் அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் நிகழ்வு. வயது தடையாக இருக்காது. 2005-இல் வந்த விதிப்படி, டிராஃப்ட் நடக்கும் ஆண்டுக்குள் 19 வயது ஆக வேண்டும், பள்ளி முடித்து ஓராண்டு கழிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பேச்சு முழுக்க அவன் திறமையைச் சுற்றியே ஓடும். எத்தனையாவது ஆளாக எடுப்பார்கள், அந்த இடத்துக்கு உறுதியான பணம் எவ்வளவு, கதவு எந்தத் தேதியில் மூடுகிறது என்று கேட்பவர்கள் குறைவு.

டிராஃப்டில் இரண்டே சுற்றுகள். முதல் சுற்றில் 30 பேர். அந்த முப்பது பேருக்கும் இடவாரியாகச் சம்பள அட்டவணை உண்டு. அட்டவணைத் தொகையில் 80 முதல் 120 சதவீதம் வரை தரலாம், பெரும்பாலும் 120-தான் தருகிறார்கள். முதல் இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி. மூன்றாவது, நான்காவது ஆண்டு அணியின் விருப்பம். 2024 டிராஃப்டில் முதலாவதாகப் போனவருக்கு முதல் ஆண்டு சுமார் 1.26 கோடி டாலர், முப்பதாவது இடத்துக்குச் சுமார் 25 லட்சம்.

முப்பத்தொன்றாவது இடத்திலிருந்து இந்த அட்டவணைப் பாதுகாப்பு கிடையாது. பேரம் பேசி நல்ல ஒப்பந்தம் வாங்குபவர்களும் உண்டு. பலருக்குக் கிடைப்பது, என்.பி.ஏ. அணிக்கும் அதன் துணை லீகான ஜி லீகுக்கும் இடையில் மாறி மாறி ஆடும் ‘டூ-வே’ ஒப்பந்தம்: 2024-25 சீசனில் சுமார் 5.78 லட்சம் டாலர், அதிலும் முழுத் தொகைக்கு உறுதி இல்லை. அதுவும் கிடைக்காமல் ஜி லீகில் மட்டும் ஆடியவருக்கு அந்தச் சீசனில் சுமார் 43,000 டாலர். ஒரே ஒரு இடம் தள்ளிப் போனதற்கு இவ்வளவு வித்தியாசம்.

25 லட்சம் என்று கேட்டதும் மயங்க வேண்டாம். மத்திய வருமான வரி மட்டுமே ஏறக்குறைய 8.8 லட்சம். ஏஜென்ட் கட்டணம் 4 சதவீதம் வரை போகலாம், அது 1 லட்சம். சம்பளத்தில் 10 சதவீதத்தை லீக் ‘எஸ்க்ரோ’வில் பிடித்து வைக்கும், லீக் வருமானத்தைப் பொறுத்து எவ்வளவு திரும்பி வரும் என்பது பிறகுதான் தெரியும். கலிபோர்னியா அணியென்றால் மாநில வரி தனி. டெக்சாஸ், ஃபுளோரிடா அணிகளுக்கு அது இல்லையென்றாலும், வெளியூர் ஆட்டங்களுக்குப் போகும் மாநிலங்கள் பல தங்கள் பங்கைக் கேட்கும். முதல் ஆண்டில் பாதிகூடக் கையில் நிற்காது.

2021 ஜூலை 1 வரை, கல்லூரியில் தங்குவது என்றால் உதவித்தொகையோடு சரி, சம்பாத்தியம் கிடையாது. அன்று முதல் வீரர்கள் தங்கள் பெயர், படத்தை வைத்துச் சம்பாதிக்கலாம். 2025-26 முதல், வழக்குச் சமரசத்தின்படி, பல்கலைக்கழகமே எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து, முதல் ஆண்டில் சுமார் 2.05 கோடி டாலர் வரை, வீரர்களுக்குப் பகிரலாம். இரண்டாம் சுற்றில் போகக்கூடிய பையனுக்குக் கல்லூரியே அதிகம் தரும் நிலை வந்துவிட்டது. 2021-இல் 353 பேர் முன்கூட்டியே பெயர் கொடுத்தார்கள். 2025-இல் 106 பேர். எஃப்-1 விசாவில் படிக்கும் வெளிநாட்டு மாணவருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. வேலை செய்யும் கட்டுப்பாடுகள் அவர்களுக்கு அப்படியே இருக்கின்றன. கையெழுத்துக்கு முன் குடிவரவு வழக்கறிஞரைப் பார்த்தே ஆக வேண்டும்.

பெயர் கொடுத்தாலே கல்லூரி முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆண்கள் கூடைப்பந்தில் அப்படி இல்லை. கனடாக்காரரான ஸாக் ஈடி 2023-இல் பெயர் கொடுத்துப் பார்த்து, திரும்ப எடுத்துக்கொண்டு தன் பர்டூ பல்கலைக்கழகத்துக்கே போனார். 2024-இல் ஒன்பதாவதாக எடுக்கப்பட்டார். ஆனால் தேதிகள் நெருக்கமானவை. 2025-ஐப் பாருங்கள்: வேறு கல்லூரிக்கு மாறும் ‘போர்ட்டல்’ ஏப்ரல் 22-இல் மூடியது, டிராஃப்டுக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் ஏப்ரல் 26, கல்லூரியில் ஆடும் தகுதியை இழக்காமல் டிராஃப்டிலிருந்து விலகக் கடைசி நாள் மே 28. என்.பி.ஏ.வின் சொந்த விலகல் கெடு ஜூன் 15. அந்த ஜூன் தேதியை நம்பி உட்கார்ந்தவர் டிராஃப்டிலிருந்து விலகலாம், கல்லூரியில் ஆட முடியாது. போர்ட்டல் முன்னாலேயே மூடிவிடுவதால் அணி மாறும் எண்ணம் இருந்தால் மே மாத முடிவுகளுக்குக் காத்திருக்கவும் வழியில்லை. போர்ட்டலில் பெயர் போட்டபின் பழைய கல்லூரி உங்கள் உதவித்தொகையை வைத்திருக்கக் கடமைப்பட்டதும் அல்ல.

“திரும்பி வருகிறேன்” என்று இன்ஸ்டாகிராமில் படம் போடுவது விலகல் ஆகாது. எழுத்துபூர்வமான விலகல் கடிதம் என்.பி.ஏ. அலுவலகத்துக்குக் கெடுவுக்குள் போய்ச் சேர வேண்டும். சேர்ந்ததற்கான பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கல்லூரியின் விதிமுறை அலுவலகத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

இடையில் ஏஜென்ட் வைத்துக்கொள்ளலாம். கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் சான்று பெற்றவராக இருக்க வேண்டும், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், திரும்பி வந்தால் அது முறிய வேண்டும். அதற்கு முன் என்.பி.ஏ.வின் இளநிலை மாணவர் ஆலோசனைக் குழுவிடம் மதிப்பீடு கேட்டிருக்க வேண்டும். அந்த மதிப்பீடு வெறும் கணிப்பு, வாக்குறுதி கிடையாது. இருந்தாலும் சொந்தக்காரர் சொல்வதைவிட நம்பலாம். தன்னை ஏஜென்ட்டின் ‘ஆள்’ என்று சொல்லிக்கொண்டு அம்மாவுக்கு விமான டிக்கெட்டும் பையனுக்குக் கைச்செலவும் நீட்டுகிறவரிடம்தான் தகுதி பறிபோகும்.

என்.பி.ஏ. அணிகள் ஆளைப் பார்க்க நடத்தும் மே மாதத் தனிப் பயிற்சிகளுக்குப் போய் வரும் எல்லோருமே “அவர்களுக்கு என்னை ரொம்பப் பிடித்துவிட்டது” என்பார்கள். பிடித்திருப்பதற்குச் செலவில்லை. “இருபத்தெட்டாவது இடத்தில் இவன் மிச்சமிருந்தால் எடுப்பீர்களா?” என்று ஏஜென்ட் நேராகக் கேட்க வேண்டும். ஒரே ஓர் அணி ஆம் என்றால், அதற்கு முன் நடக்கும் 27 தேர்வுகளும், கடைசி நேரப் பரிமாற்றமும் அந்த வார்த்தையைக் கலைத்துவிடலாம். மூன்று, நான்கு அணிகள் சொன்னால் கணக்கு வேறு. பயிற்சியாளருக்கு நீங்கள் தங்கினால் லாபம், ஏஜென்ட்டுக்குப் போனால் லாபம். இருவர் பேச்சையும் அதைக் கழித்துவிட்டே கேளுங்கள்.

அமெரிக்கக் கால்பந்தில் பள்ளி முடித்து மூன்று ஆண்டு கழிய வேண்டும். ஜனவரி நடுவில் முடிவெடுத்தாக வேண்டும், இப்படிப் போய்ப் பார்த்துத் திரும்பும் வசதி கிடையாது. அங்கே பெரிய பயம் காயம். நோட்ரடாம் பல்கலைக்கழக வீரர் ஜேலன் ஸ்மித்துக்கு 2016 ஜனவரி 1-இல் முழங்கால் போனது. முதல் சில இடங்களுக்குள் எதிர்பார்க்கப்பட்டவர் 34-ஆவதாகப் போனார். காயத்தால் டிராஃப்டில் இடம் சரிந்தால் ஈடு தரும் மதிப்பிழப்புக் காப்பீடு எடுத்திருந்ததால் சுமார் 9 லட்சம் டாலர் கிடைத்தது. இந்தப் பாலிசியை விளையாட்டே முடிந்துபோனால் மட்டும் பணம் தரும் நிரந்தர ஊனக் காப்பீட்டோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பழைய காயம் ஒன்றை விண்ணப்பத்தில் மறைத்திருந்தால், பிறகு கோரிக்கையே நிராகரிக்கப்படலாம்.

இன்னொன்று, யாரும் கவனிக்காத இடம்: வசந்த செமஸ்டர். பயிற்சிக்கு வேறு ஊர் போன பையன் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிடுவான். விலகல் படிவம் கொடுத்திருக்க மாட்டான். மே மாதம் திரும்ப நினைக்கும்போது மதிப்பெண் பட்டியலில் நான்கு ‘எஃப்’ இருக்கும். படிப்புத் தகுதி இல்லாமல் ஆட முடியாது. பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட் வேண்டும், மூன்றாம் ஆண்டு முடிவில் 90 வரை சேர்ந்திருக்கும். மீதியைப் பிறகு இணையவழியில் முடிக்கலாம் என்றால், கடைசி 30 கிரெடிட்டைத் தங்களிடமே படிக்க வேண்டும் என்று உங்கள் கல்லூரியில் விதி உண்டா, திரும்பி வந்தால் உதவித்தொகை தொடருமா என்பதைப் போவதற்கு முன்பே பதிவாளரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.