கண் பிரஷர் நார்மல்தான், அப்புறம் ஏன் கிளாகோமா?

பார்வை நரம்பு மெல்ல மெல்லக் கெட்டுப்போகும் நோய்தான் கிளாகோமா. அதன் பேரைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது கண் பிரஷர் எவ்வளவு என்றுதான். பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை இருந்தால் நார்மல் என்பது வழக்கம். ஆனால் 16 இருக்கும்போதே பார்வை நரம்பு கெட்டுப்போனவர்கள் உண்டு, 26 இருந்தும் பல வருடங்கள் ஒன்றும் ஆகாதவர்களும் உண்டு. அந்த ஒற்றை எண் பாதிக் கதைதான். மீதி ரத்த ஓட்டத்தில் இருக்கிறது.

முதலில் அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கண்ணின் முன்பகுதியில் ஒரு தெளிவான திரவம் நிமிடத்துக்குச் சுமார் 2 மைக்ரோலிட்டர் வீதம் சுரந்துகொண்டே இருக்கிறது (கண்ணீர் வேறு, இது உள்ளே ஓடுவது). ரத்தக் குழாயே இல்லாத லென்ஸுக்கும் கருவிழிக்கும் (கண்ணின் முன்னால் கண்ணாடி போல இருக்கும் கார்னியா) சாப்பாடு போடுவது இதுதான். வேலை முடிந்ததும் கருவிழியும் ஐரிஸும் (கண்ணுக்கு நிறம் தரும் வளையம்) சந்திக்கும் மூலையில் உள்ள வடிகால் வழியாக வெளியேறிவிடும். சுரப்பு கூடுவதால் அழுத்தம் ஏறுவது ரொம்ப அபூர்வம், வடிகால் மந்தமாவதால்தான் பெரும்பாலும் ஏறுகிறது.

முன்னால் ஏறும் அழுத்தம் பின்னால் இருக்கும் நரம்பை ஏன் தாக்க வேண்டும்? கண்ணின் வெள்ளைச் சுவர் முரட்டுத்தனமானது, எளிதில் வளையாது. அந்தச் சுவரில் பலவீனமான ஓர் இடம், சுமார் 1.5 மில்லிமீட்டர் அகலத்தில், பின்பக்கம் இருக்கிறது. விழித்திரையிலிருந்து கிளம்பும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பு இழைகள் அங்கேதான் ஒன்றாகச் சேர்ந்து, சல்லடை போன்ற ஒரு தட்டின் துளைகளுக்குள் நுழைந்து மூளைக்குப் போகின்றன. உள்ளே இருந்து கண் அழுத்தம் தட்டைத் தள்ளுகிறது, வெளியே இருந்து மூளைத் தண்டுவட நீரின் அழுத்தம் தாங்குகிறது. இந்த வித்தியாசம் கூடினால் தட்டு பின்னோக்கி வளையும், துளைகள் நெளிந்து இழைகளை நெருக்கும். இழைகள் வெறுமனே சிக்னல் மட்டும் கடத்துபவை அல்ல. செல் உயிரோடிருக்கத் தேவையான புரதங்களும் அவற்றின் வழியாகத்தான் மேலும் கீழும் போய் வருகின்றன. அந்தப் போக்குவரத்து நின்றால் செல் மெல்லச் செத்துப்போகும், திரும்ப முளைக்காது.

அதே தட்டின் நார்களுக்குள்தான் நரம்புக்கு ரத்தம் கொடுக்கும் நுண்குழாய்களும் ஓடுகின்றன. ரத்தம் உள்ளே போக, ரத்த அழுத்தம் கண் அழுத்தத்தை வென்றாக வேண்டும். உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு பிபி 120/80 என்றால், கண் இதயத்தைவிட உயரத்தில் இருப்பதால், கண் மட்டத்தில் சராசரி ரத்த அழுத்தம் சுமார் 62 தான் இருக்கும்; கண் பிரஷர் 15 போக மிச்சம் 47. கண் பிரஷர் 30 ஆனால் மிச்சம் 32. இப்போது கண் பிரஷரை 15-லேயே வைத்துவிட்டு பிபி மட்டும் 90/55 ஆக இறங்கட்டும், கண் மட்டத்தில் சராசரி சுமார் 44, மிச்சம் 29 தான்! அதாவது கண் நார்மலாக இருக்கும்போதே நரம்பு பட்டினி கிடக்க வாய்ப்பிருக்கிறது.

ஆரோக்கியமான ரத்தக் குழாய்கள் இதற்கேற்ப விரிந்து சமாளித்துவிடும். சிலருக்கு அந்தத் திறன் குறைவு. நார்மல் பிரஷர் கிளாகோமா உள்ளவர்களில் ஒற்றைத் தலைவலியும் குளிரில் விரல் வெளுப்பதும் சற்று அதிகமாகத் தென்படுவது இதோடு சேர்த்துப் பேசப்படுகிறது. இரவு இன்னொரு சிக்கல்: தூக்கத்தில் பிபி பொதுவாக 10 முதல் 20 சதவீதம் குறையும், படுத்தால் கண் பிரஷரோ ஏறும். படுக்கையில் கண் இதய மட்டத்துக்கு வருவதால் கொஞ்சம் ஈடாகும், சரி, ஆனால் பிபி அளவுக்கு மீறி இறங்குபவர்களுக்கு அது போதாமல் போகலாம்.

அழுத்தமா ரத்தமா என்ற வாதம் எனக்கு வீண் என்றே தோன்றுகிறது, இரண்டும் ஒரே தட்டில்தானே நடக்கிறது. இதுவரை உறுதியாக நிரூபணமான சிகிச்சை கண் பிரஷரைக் குறைப்பது மட்டும்தான். 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பிரஷர் மட்டும் அதிகமாக இருந்தவர்களில் சொட்டு மருந்து போட்டவர்களுக்கு ஐந்து ஆண்டுகளில் 4.4 சதவீதம், போடாதவர்களுக்கு 9.5 சதவீதம் கிளாகோமா வந்தது. பிரஷர் நார்மலாக உள்ளவர்களுக்கும் அதை இன்னும் 30 சதவீதம் இறக்கினால் நோயின் வேகம் குறைகிறது, மேலே போட்ட கணக்கில் மிச்சம் கூடுகிறதே!

இதற்காக பிபி மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். எந்த மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள் என்பதைக் கண் மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும். கண் பிரஷரைக் குறைக்க டிமோலால் சொட்டு மருந்து போடுபவர்கள் அதைப் பிபி பார்க்கும் மருத்துவரிடமும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ரத்தத்தில் கலந்து நாடித்துடிப்பையும் இரவு நேர பிபியையும் இறக்கக்கூடியது.