புள்ளியற்ற மூலமா, பரப்பு மாசா?

அண்மையில் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் தோட்டக்காரர்களுக்கு நடந்த ஒரு பயிற்சி வகுப்பில், "புள்ளியற்ற மூல மாசடைதல்" என்று திரையில் பெரிய எழுத்தில் வந்தது. வகுப்பெடுத்தவர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர், நாற்பது வருசமாக வெங்காயம் செய்கிறவர், குனிந்து கேட்டார்: "ஆருக்குத் தம்பி புள்ளி இல்லையாம்?"

எங்கள் ஊரில் புள்ளி என்றால் முதலில் சோதனைப் புள்ளிதான். அவர் கேட்டது சரியான கேள்வி. இந்தச் சொல்லைத் துண்டுப்பிரசுரங்களிலும் பாடக் குறிப்புகளிலும் கண்டு பேசாமல் இருந்துவிட்டேன். இனி இருக்க மனம் வரவில்லை.

ஆங்கிலத்தில் இது 'நொன் பொயின்ற் சோர்ஸ்'. பொயின்ற் என்பது குத்துதல் என்ற பொருளுள்ள இலத்தீன் சொல்லில் பிறந்தது, சோர்ஸ் என்பது மேலெழுதல் என்ற சொல்லில். ஊற்று என்பதே அதன் பழைய பொருள். அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டுத் தூய நீர்ச் சட்டம் 'பொயின்ற் சோர்ஸ்' எது என்று வரையறுத்தது. குழாய், வாய்க்கால், சுரங்கம் என்று கைநீட்டிக் காட்டக்கூடிய ஒரு வழியால் கழிவு வந்து நீரில் விழுந்தால் அதுதான். அதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். அந்த வரையறைக்குள் அகப்படாமல் மிஞ்சியதற்கு 'நொன்' போட்டார்கள். மழை கழுவிக்கொண்டு போகும் பசளை, மரம் தறிக்கப் போட்ட காட்டுப் பாதையிலிருந்து கரைந்து ஓடும் மண் எல்லாம் அதற்குள் வரும். அதாவது இது சட்டம் எழுதியவர்கள் மிச்சத்துக்கு வைத்த பெயர். பொருளைப் பார்த்து வைத்த பெயர் அல்ல.

நாங்கள் அந்த மிச்சப் பெயரை எழுத்துக்கு எழுத்து தூக்கி வந்துவிட்டோம். 'நொன்' என்று கண்டவுடன் 'அற்ற' என்று கை தானாக எழுதிவிடுகிறது. தமிழில் அற்றது என்றால் இருந்து அறுந்தது, அல்லது இல்லாதது. தாய் தகப்பனற்ற பிள்ளை, குற்றமற்றவர், நாதியற்றவர் என்கிறோம். அரச சார்பற்ற நிறுவனம் என்பதும் சரி, எந்தச் சார்பு இல்லை என்று அங்கே விளங்குகிறது. புள்ளியற்ற மூலத்தில் என்ன இல்லை? எழுத்தின் தலையில் போடும் புள்ளியா, கோலப் புள்ளியா, சோதனைப் புள்ளியா? கேட்பவன் ஆங்கிலத்துக்குத் திரும்பிப் போனால்தான் விடை கிடைக்கும். ஆங்கிலம் தெரிந்தவனுக்கு மட்டும் விளங்கும் தமிழை யாருக்காக எழுதுகிறோம்? மூலம் என்ற சொல்லும் தோட்டக்காரனுக்கு முதலில் நினைவுபடுத்துவது நோயை, அடுத்து நட்சத்திரத்தை. அது வடசொல் என்பதற்காக நான் விலக்கவில்லை. விளங்காத இடத்தில் நிற்கிறதே என்பதுதான் என் குறை.

இதற்கு மாற்றாகப் 'பரவல் மாசு' என்று சிலர் எழுதுகிறார்கள். ஐரோப்பியர்கள் இதையே 'டிஃபியூஸ்' என்று சொல்வதால் வந்த யோசனை. புள்ளியற்றதை விட நூறு மடங்கு மேல். ஆனால் நோய்ப் பரவல் என்று நாள்தோறும் கேட்கிற காதுக்கு, பரவல் மாசு என்றால் ஓரிடத்தில் தொடங்கி நாலா பக்கமும் பரவுகிற மாசு என்றுதான் படும். இங்கே நடப்பது அதன் மறுதலை. நாலா பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கி ஓரிடத்தில் வந்து சேர்கிறது.

எங்கள் செம்பாட்டுத் தோட்டத்தில் போய் நின்று பார்த்தால் இது விளங்கும். வெங்காயப் பாத்திக்கு யூரியாவைக் கையால் விசிறுகிறோம். பிறகு கிணற்றில் மெசினை வைத்து இறைக்கிறோம். வாய்க்காலால் ஓடிப் பாத்தி நிரம்பிய தண்ணீர் சற்று நேரத்தில் மண்ணுக்குள் இறங்கிவிடும். கீழே வெடிப்பும் துளையுமாகச் சுண்ணாம்புக்கல். பயிர் எடுத்தது போக மிஞ்சிய நைதரசன் நைத்திரேற்றாகி அதற்குள்ளால் இறங்கி அதே கிணற்றுக்கு வருகிறது. அடுத்த இறைப்பில் அந்தத் தண்ணீரையே திரும்ப மேலே எடுக்கிறோம். வருசம் முழுக்க ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லை. வழுக்கியாறும் மாரியில்தான் ஓடும். குடிக்கிற தண்ணீரில் பெரும்பகுதியும் அந்தக் கல்லுக்குள் இருப்பதுதான். லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் குடிநீரில் இருக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. புட்டிப்பால் குடிக்கும் பச்சைக் குழந்தைக்கு அது இரத்தத்தில் ஒட்சிசன் போவதைக் கெடுத்து உடம்பை நீலமாக்கிவிடும். இந்த நைத்திரேற்றுக்கு எந்தத் தோட்டத்தைக் கைநீட்டிக் காட்டுவது? எல்லாத் தோட்டமும்தான். சுன்னாகம் பக்கக் கிணறுகளில் எண்ணெய் என்ற பேச்சு எழுந்தபோது எல்லோரும் ஓர் இடத்தைத் தேடினோம். பசளைக்கு அப்படித் தேட இடமில்லை.

ஆகவே நான் சொல்வது 'பரப்பு மாசு'. புள்ளிக்கு எதிர் புள்ளியின்மை அல்ல, பரப்புத்தான். கேத்திரகணிதம் படித்த பிள்ளைக்கும் இது தெரியும். அதைவிட, பரப்பு எங்கள் காணிக் கணக்கு. 16 பரப்பு ஒரு ஏக்கர். நாலு பரப்புத் தோட்டம், பத்துப் பரப்பு வயல் என்றுதான் காணி உறுதியிலும் பேச்சிலும் வரும். வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது அந்தப் பெரியவருக்கு இந்தச் சொல்லைச் சொன்னேன். "அப்ப என்ர ஆறு பரப்பும் இதுக்குள்ள வருதோ?" என்றார். நான் வேறு விளக்கம் சொல்லவில்லை.

மேற்பரப்போடு குழம்பாதா என்று ஒரு நண்பர் கேட்டார். மேற்பரப்புக்கு 'மேல்' இருக்கிறது, குழம்பாது. மற்றதை, குழாய் வழி வருவதை, 'ஓரிட மாசு' என்று விட்டுவிடலாம். அமெரிக்கச் சட்டத்தின் 208ஆம் பிரிவு வேளாண் நிலத்தையும் காட்டு நிலத்தையும் உள்ளடக்கி நீர்த் தரத் திட்டங்களைக் கேட்டபோது, அவற்றுக்கு ஆங்கிலத்திலேயே 'ஏரியா வைட்' என்றுதான் பெயர் வைத்தது. பரப்பளாவிய திட்டம். எங்கள் மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டு பக்கம் தள்ளி வாசித்திருந்தால் சொல் கையிலேயே கிடைத்திருக்கும். ஒரு வாக்கியத்தை மட்டும் வெட்டி எடுத்து, அகராதியை ஒரு கையில் வைத்துக்கொண்டு எழுதுகிற பழக்கத்தால் வந்த வினை இது. இப்படி எழுதுகிறவர் ஒரு தரம் கிணற்றடிக்கு வந்து போகவேண்டும்.

காட்டுக்கும் இந்தச் சொல் பொருந்தும். வன்னியில் காட்டை வெளியாக்கினால் மாரி மழைக்கு மண் கரைந்து குளத்துக்குள் வந்து படியும். அந்த மண் எந்த மரத்தடியிலிருந்து வந்தது என்று யாரும் சொல்லமுடியாது, அவ்வளவு காட்டிலிருந்தும் வந்தது. அங்கேயும் பரப்பு மாசு என்றால் போதும்.

மலசலகூடக் குழியை எதில் சேர்ப்பது என்று கேட்பீர்கள். ஒரு குழி என்றால் ஓரிடம்தான். ஆனால் ஒவ்வொரு வளவிலும் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் கிட்ட ஒரு கிணறு. குடாநாட்டைப் பொறுத்தவரை அதையும் நான் பரப்பு மாசில்தான் சேர்ப்பேன்.