லைவ் ஆல்பம்: நேரலையா, அரங்கப்பதிவா?

'லைவ் ஆல்பம்' என்ற தொடரைச் சிலர் 'நேரலைத் தொகுப்பு' என்று தமிழாக்குகிறார்கள். இது பொருந்தாது. ஒரு நிகழ்ச்சி நடக்கும்போதே வானொலியிலோ தொலைக்காட்சியிலோ நம்மை வந்தடைந்தால் அது நேரலை. 1962-ல் பாடியதை இன்று இசைத்தட்டில் கேட்கிறோம் என்றால், அதில் நேரும் இல்லை, அலையும் இல்லை.

குழப்பம் ஆங்கிலத்திலேயே தொடங்குகிறது. 'லைவ்' என்றால் உயிருடன் இருப்பது. 1930-களில் வானொலிக்காரர்கள் அதற்குப் புதிய வேலை கொடுத்தார்கள். இசைத்தட்டைச் சுழலவிட்டு ஒலிபரப்புவது ஒரு வகை, கலைஞர்கள் அந்நேரமே பாடுவதை ஒலிபரப்புவது இன்னொரு வகை. இரண்டாவதை 'லைவ்' என்றார்கள். பின்னர், ரசிகர்கள் முன்னிலையில் பாடியதைப் பதிவு செய்து விற்றபோது அதற்கும் அதே சொல்லை ஒட்டினார்கள். பதிவுக்கு எதிர்ப்பதமாக வந்த சொல் ஒரு பதிவு வகையின் பெயராகிவிட்டது.

'ஆல்பம்' இன்னும் பழையது. இலத்தீனில் 'அல்புஸ்' என்றால் வெள்ளை. ரோமானியர்கள் பொது அறிவிப்புகளை எழுதிவைத்த வெள்ளைப் பலகைக்கு 'ஆல்பம்' என்று பெயர். பிறகு நண்பர்களின் கையெழுத்தைச் சேர்த்துவைக்கும் வெற்றுத்தாள் புத்தகத்துக்கும், புகைப்படங்களை ஒட்டிவைக்கும் புத்தகத்துக்கும் அப்பெயர் போனது. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு நிமிடப் பாட்டுக்குத்தான் இடம். நீண்ட இசை என்றால் பல தட்டுகள் வேண்டும். அவற்றைப் புகைப்பட ஆல்பம் போன்ற உறைப் புத்தகத்தில் செருகி விற்றார்கள். 1948-ல் எல்.பி. என்ற நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு வந்து எல்லாம் ஒரே தட்டில் அடங்கிய பிறகும் பெயர் மாறவில்லை. இதற்குத் தமிழில் 'இசைத்தொகுப்பு' நன்றாகவே நிலைத்துவிட்டது. எட்டுத்தொகை கண்ட மொழிக்குத் தொகுப்பதற்கா சொல் இல்லை?

சிக்கல் 'லைவ்' என்பதில்தான். அதற்கு ஈடான சொல்லைத் தேடும் முன் அந்தப் பொருளையே கேட்டுப் பார்க்க வேண்டும். அமெரிக்க 'சோல்' இசைப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் 'லைவ் அட் தி அப்போலோ' என்ற தொகுப்பு அதற்கு மிகச் சரியான சான்று.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 125-ஆம் தெருவில் இருக்கிறது அப்போலோ தியேட்டர். 1934 முதல் கறுப்பின மக்களின் கலைக்கூடம். பிடிக்காவிட்டால் பாடகரை மேடையிலிருந்தே விரட்டிவிடும் ரசிகர்களுக்குப் பேர்போன இடம். அங்கே தன் கச்சேரியைப் பதிவு செய்ய வேண்டும் என்று பிரவுன் கேட்டபோது, சின்சினாட்டியின் கிங் ரெக்கார்ட்ஸ் உரிமையாளர் சிட் நேதன் பணம் தர மறுத்தார். தனித்தட்டுகளாக விற்றுத் தீர்ந்த பாடல்களை மறுபடி யார் வாங்குவார்கள் என்பது அவர் கணக்கு. பிரவுன் தன் கையிலிருந்து 5,700 டாலர் போட்டார். 1962 அக்டோபர் 24, புதன்கிழமை இரவு பதிவு நடந்தது.

தொடக்கத்தில் அறிவிப்பாளர் ஃபேட்ஸ் கோண்டர் பிரவுனின் பாடல்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அறிவிக்கிறார். ஒவ்வொரு பெயருக்கும் பக்கவாத்தியம் ஒரு வெட்டு வெட்டுகிறது. சுருதி படிப்படியாக ஏறுகிறது. பிரவுன் வாயைத் திறக்கும் முன்பே கூட்டம் கொதிக்கிறது. 'லாஸ்ட் சம்ஒன்' என்ற பாடலில் அவர் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடத்துக்கும் மேல் நிற்கிறார். நெஞ்சில் தைத்தால் கத்துங்கள் என்று கேட்கிறார், கத்துகிறார்கள். குரலைத் தாழ்த்துகிறார், ஒரு பெண்ணின் அலறல் மட்டும் தனியாகக் கேட்கிறது, அதற்கும் பதில் பாடுகிறார். தட்டின் ஒரு பக்கம் தீர்ந்தும் பாட்டு தீராமல், மறுபக்கத்தில் தொடர்ந்தது. தேவாலயத்தில் போதகர் ஒன்று சொல்லச் சபை ஏற்றுச் சொல்லும் முறை இது. இங்கே ரசிகர் அவைதான் பின்பாட்டு. வள்ளுவர் 'அவையறிதல்' என்று ஓர் அதிகாரமே வைத்தாரே, அந்த அறிவை ஒருவர் பாட்டாகவே செய்துகாட்டுகிறார்.

ஆகவே 'மேடைப்பதிவு' என்ற சொல் எனக்கு உவப்பில்லை. அது பாடகரின் பக்கத்தை மட்டும் பிடிக்கிறது. கர்நாடக இசை ரசிகர்கள் வழங்கும் 'கச்சேரிப் பதிவு' நல்ல சொல். ஆனால் எல்லா இசைக்கும், நாடகத்துக்கும், உரைக்கும் அதை நீட்ட முடியாது. 'நேரடிப் பதிவு' தவறில்லை, எதையும் காட்டாத சொல். நான் கைக்கொள்வது 'அரங்கப்பதிவு'. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஏழுகோல் அகலம், எண்கோல் நீளம், ஒருகோல் உயரம் என்று அளந்து சொல்லும் அரங்கு ஆடுமிடத்தை மட்டும் குறித்தது. இன்று 'அரங்கு நிறைந்த கூட்டம்' என்கிறோம். மேடையும் பார்வையாளர்களும் சேர்ந்ததே அரங்கு. லைவ் ஆல்பம் என்பது 'அரங்கப்பதிவுத் தொகுப்பு'.

பிரவுன் பாடிய இசைவகையின் பெயரான 'சோல்' என்பதை மாற்ற வேண்டாம். ஜாஸ், புளூஸ் போல அது ஓர் இசை மரபின் இயற்பெயர். 'ஆன்ம இசை' என்றால் பக்திப் பாடல் என்று எண்ணிவிடுவார்கள்.

1963 மே மாதம் வெளியான பிரவுனின் தொகுப்பு அமெரிக்காவின் பில்போர்டு இதழ் வெளியிடும் விற்பனைத் தரவரிசைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறி, 66 வாரம் நிலைத்தது. வானொலி அறிவிப்பாளர்கள் தட்டின் ஒரு பக்கத்தை முழுதாக ஒலிபரப்பினார்கள். டெட்ராய்ட்டின் எம்சி5 ராக் குழு தன் முதல் ஆல்பத்தையே அரங்கப்பதிவாக வெளியிட்டதற்கு இதுவே தூண்டுதல். அதே 1963 ஜனவரியில் இன்னொரு சோல் பாடகரான சாம் குக் மயாமியின் ஹார்லெம் ஸ்கொயர் கிளப்பில் பாடியதோ, முரட்டுத்தனமாக ஒலிக்கிறது என்று கிடப்பில் போடப்பட்டு 1985-ல்தான் வெளிவந்தது. கேட்டால் நெஞ்சு பதறுகிறது, இத்தனை காலம் பூட்டிவைத்தார்களே என்று.

சொல்லைக் கவனமாகக் கையாள வேண்டிய இடம் ஒன்று உண்டு. 1970-ல் வந்த பிரவுனின் 'செக்ஸ் மெஷின்' இரட்டைத்தட்டில் முதல் தட்டு ஸ்டுடியோவில் பதிவானது; கைதட்டலும் ஆரவாரமும் பின்னர் சேர்க்கப்பட்டவை. உறையைப் பார்த்து அதை 'லைவ்' என்பவர்கள் உண்டு. அரங்கப்பதிவு என்று அதைச் சொல்லக் கூடாது.