சாயங்காலம் எடுத்த போட்டோவை டாக்டரிடம் காட்டுங்கள்

"காலையில நல்லாத்தான் இருக்கேன் டாக்டர், பொழுது சாய்ஞ்சா கண்ணே திறக்க முடியல." நரம்பியல் ஓபியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு, மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைச் சோர்வு நோய் இருக்குமோ என்ற சந்தேகம் பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியத்தில்தான் தொடங்குகிறது.

இதைச் சொன்னவர் ஒரு பள்ளி ஆசிரியை. எட்டு மாதத்தில் இரண்டு முறை கண்ணாடி மாற்றியிருந்தார், மூளை எம்ஆர்ஐ எடுத்து நார்மல் என்று வந்திருந்தது, கடைசியில் யாரோ மனஅழுத்தம் என்று சொல்லி மாத்திரையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். என்னிடம் வந்தது காலை பத்து மணிக்கு. இமை, பேச்சு, கைவலு எல்லாமே சரியாக இருந்தன. மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருங்கள் என்றேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, இடது இமை மெல்ல மெல்ல இறங்கிப் பாதிக் கண்ணை மூடிவிட்டது. கையுறைக்குள் ஐஸ்கட்டி போட்டு அந்த இமைமேல் 2 நிமிடம் வைத்து எடுத்தோம், திரும்ப ஏறியிருந்தது. கூட வந்த அவர் கணவர் பேசாமல் போனை நீட்டினார், முந்தைய நாள் ராத்திரி எட்டு மணிக்கு எடுத்த போட்டோ. அதிலும் அதே இமை, அதே இறக்கம்.

நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுபோவது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குவதுதான் பெரும்பாலானவர்களுக்கு இந்த நோய். அதனால்தான் வேலை கொடுக்கக் கொடுக்கத் தசை சோர்கிறது, ஓய்வு கொடுத்தால் தேறுகிறது. சோற்றை மென்றுகொண்டிருக்கும்போதே தாடை ஓய்ந்துபோவது, பேசப் பேசக் குரல் மூக்கடைத்த மாதிரி ஆவது, ஒரே பொருள் இரண்டாகத் தெரிவது, தலைவாரக் கை தூக்க முடியாதது எல்லாம் இதில் வரும். எத்தனை மணிக்கு, என்ன செய்யும்போது என்று எழுதி வையுங்கள். முடிந்தால் வீடியோ எடுங்கள்.

அப்புறம் ரத்தப் பரிசோதனை. ஏற்பியைத் தாக்கும் எதிர்ப்புப் புரதமான ஆன்டிபாடி, உடம்பு முழுக்கப் பரவிய நோயில் சுமார் 85 சதவீதம் பேருக்குத் தெரியும், கண்ணோடு நிற்பவர்களில் பாதிப் பேருக்குத்தான். நெகட்டிவ் வந்துவிட்டது, நோயே இல்லை என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். மஸ்க் (MuSK) என்ற இன்னொரு வகை ஆன்டிபாடி பார்க்க வேண்டும், நரம்பைத் திரும்பத் திரும்பத் தூண்டிப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது, தசை இழைகளின் மின்செயல்பாட்டைத் தனித்தனியாகப் பார்க்கும் ஒற்றை இழை இஎம்ஜி இருக்கிறது. இந்த நோய்க்குக் கொடுக்கும் பிரிடோஸ்டிக்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நரம்புப் பரிசோதனைக்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள், மாத்திரை முடிவை மாற்றிவிடும், ஆனால் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். நோய் உறுதியானால் நெஞ்சுக்கு சிடி எடுப்போம், 10 முதல் 15 சதவீதம் பேருக்கு நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கும்.

சளி, காய்ச்சல் என்று எந்த டாக்டரிடம் போனாலும் இந்தச் சந்தேகத்தை முதலிலேயே சொல்லுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின் மாதிரி சாதாரணமாக எழுதும் ஆன்டிபயாட்டிக்கே இதைக் கிளறிவிடக்கூடும். தண்ணீர் மூக்கு வழியே வந்தால், மல்லாந்து படுக்க மூச்சு முட்டினால், ஒரே மூச்சில் இருபதுவரை எண்ண முடியாமல் போனால் மறுநாள் ஓபிக்குக் காத்திருக்காதீர்கள், அந்த ராத்திரியே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.