புது டிஸ்க் போட்டும் கார் ஏன் உதறுகிறது?

பிரேக் மிதித்தால் உதறல். "டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு) பெண்டாயிடுச்சு" என்று புதுசு மாட்டுகிறார்கள். சில மாதங்களில் அதே உதறல் திரும்புகிறது. ஏன் என்று வாசகர்கள் கேட்கிறார்கள். பெரும்பாலான டிஸ்க்குகள் வளைவதே இல்லை.

1,300 கிலோ கார் 100 கி.மீ. வேகத்தில் சுமக்கும் இயக்க ஆற்றல் சுமார் 5 லட்சம் ஜூல். ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். அத்தனையும் டிஸ்க்கில் வெப்பமாக இறங்குகிறது. வார்ப்பிரும்புக்கு அது பழக்கம்தான்.

சிக்கல் டிஸ்க்கின் முதுகுப்பக்கம். அது உட்காரும் ஹப்பின், அதாவது சக்கரத்தைத் தாங்கும் நடுப்பகுதியின், விளிம்பில் 0.05 மி.மீ. துருச் செதில் ஒட்டியிருந்தால் டிஸ்க் சாய்ந்து உட்காரும். பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டை) உரசும் வெளிவட்டத்தில் அந்தச் சாய்வு ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். ஆனாலும் முதல் நாள் எதுவும் தெரியாது. டிஸ்க்கைக் கவ்வி நிற்கும் காலிப்பரில், பேடைத் தள்ளும் பிஸ்டனைப் பின்னிழுக்க ஸ்பிரிங் கிடையாது. மிதிக்கும்போது பிஸ்டனோடு சற்றே முறுகிய ரப்பர் சீல், காலை எடுத்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்பி, பிஸ்டனை மயிரிழை இழுத்துவிடுகிறது, அவ்வளவுதான். அதனால் பேட் எப்போதும் டிஸ்க்கை ஒட்டியே நிற்கும். சாய்ந்த டிஸ்க்கின் மேடு, பிரேக் பிடிக்காத நேரத்திலும் சுற்றுக்கொரு முறை பேடில் உரசித் தேய்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கழித்து அந்த இடம் 15 மைக்ரான் மெலிந்திருக்கும். தலைமுடித் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு. இப்போது மிதித்தால் தடித்த இடம் பிஸ்டனைத் தள்ளும், மெலிந்த இடம் விட்டுக்கொடுக்கும். அந்தத் துடிப்பு பிரேக் ஆயில் வழியே பெடலுக்கு வந்துவிடும். புதுக் காருக்கு எலுமிச்சம்பழம் நசுக்க நேரம் இருக்கிறது, ஹப்பைத் தேய்க்க ஐந்து நிமிடம் இல்லை!

பின் சக்கர டிஸ்க்கின் நடுக்குழிக்குள் ஹேண்ட்பிரேக்குக்கென்று குட்டி டிரம் உள்ள கார்களில் வேலை கொஞ்சம் கூடுதல். ஹேண்ட்பிரேக்கை இறக்கினால்தான் டிஸ்க் வரும். ஆகவே முன் சக்கரங்களுக்குக் கட்டை, காருக்கடியில் ஸ்டாண்ட் இரண்டும் கட்டாயம். காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் கட்டுங்கள், பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கவிடாதீர்கள். டிஸ்க் அசையவில்லையா? டிரம்மின் உள்விளிம்பில் துரு வரம்பு கட்டி, ஷூ (டிரம்முக்குள் விரிந்து பிடிக்கும் வளைந்த கட்டை) அதில் மாட்டியிருக்கும். ரப்பர் மூடியை எடுத்து, துளை வழியே ஷூவை விரிக்கவும் சுருக்கவும் உதவும் பல்சக்கரமான ஸ்டார் வீலைத் தளர்த்துங்கள். பல டிஸ்க்குகளில் மரை போட்ட இரண்டு துளைகள் இருக்கும், 8 மி.மீ. போல்ட்டை இரண்டிலும் மாறி மாறி முறுக்கினால் டிஸ்க் தானே வெளியே வரும். சுத்தியல் வேண்டாம்.

ஹப்பை உப்புத்தாளால் பளபளக்கத் தேயுங்கள். புது டிஸ்க்கின் எண்ணெய்ப் பூச்சை பிரேக் கிளீனரால் துடைத்து மாட்டுங்கள். நட்டு முறுக்கம் ஏறுமாறாக இருந்தாலும் டிஸ்க் கோணும். எதிரெதிராக, டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்), கையேட்டு அளவுக்கு இறுக்குங்கள்.

ஹேண்ட்பிரேக்கில் பலர் தவறுவது வரிசையில். லூசாக இருக்கிறது என்று முதலில் கேபிளை இழுத்தால், ஷூ விரிந்தபடியே உரசிச் சூடாகும். கேபிளைத் தளர்த்திவிட்டு, டிஸ்க் சுற்றாமல் நிற்கும்வரை ஸ்டார் வீலைத் திருப்பி, பின் கையேடு சொல்லும் பற்களுக்குத் தளர்த்துங்கள். பல ஜப்பானியக் கார்களில் எட்டு. சக்கரம் உரசாமல் சுற்ற வேண்டும். அதன் பிறகே கேபிள். எத்தனை 'கிளிக்'கில் பிடிக்க வேண்டும் என்பதும் கையேட்டில் இருக்கும்.

காரை நகர்த்துமுன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். புது டிஸ்க்கை மாட்டும்போது பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் மிதி வெறுமனே தரைவரை போகும்.